மணாலி: பனிக்குக் கீழே ஓர் ஊர்

மணாலி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பனிதான். போய் வந்தவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களிலும் அதுவே இருக்கும். வாடகைக் கோட்டு, முழங்கால்வரை ரப்பர் காலணி, இரு கையிலும் பனி உருண்டை. ஆனால் நம் பள்ளி விடுமுறை வரும் ஜூன் மாதத்தில் மணாலி ஊருக்குள் பனி கிடையாது. அதைத் தொட 51 கிலோமீட்டர் மலையேறி, 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள ரோதாங் கணவாய்க்குப் போகவேண்டும். கினபாலு மலையின் உச்சியைவிடச் சற்றே குறைவான உயரம் அது. மணாலி அதற்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே, பியாஸ் ஆற்றின் கரையில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கெந்திங்கைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

பனியைப் பார்க்க வருகிறவர்கள் இந்த ஊரை ஒரு தங்குமிடமாக மட்டுமே பயன்படுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வயதானவர்களை அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. ஊரையே பயணமாக்குங்கள், பனியைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். அம்மாவுக்கு 67 வயது. அவருக்குக் கோயில் வேண்டும். என் தங்கைக்குக் கடைவீதி. 14 வயது மகனுக்குப் பாராகிளைடிங். கணவருக்கு மகன் எங்கே போனாலும் கூடவே போகவேண்டும். எனக்கு அம்மாவைப் பற்றிய கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. அம்மா அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து எங்களை வளர்த்தார். இப்போது நாங்கள் ஆண்டுக்கொரு முறை அவரை எங்காவது அழைத்துப் போகிறோம். போன இடத்திலெல்லாம் அவருக்கு ஒரே வேலைதான், பை காப்பது. செந்தோசாவாக இருந்தாலும் கெந்திங்காக இருந்தாலும், “நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்” என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இந்த முறை அவருக்கு முழங்கால் வலியோடு இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தது. “இதுதான் கடைசி. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டார்.

அதனால் பயணத் திட்டத்தை அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்கினோம். பலதுறை மருந்தக மருத்துவரிடம் முதலில் கேட்டோம். “ரோதாங் உயரம் வேண்டாம். மணாலியில் இரண்டு மூன்று நாள் உடம்பு பழகிய பிறகு, 3,000 மீட்டரை ஒட்டிய இடத்துக்குச் சிறிது நேரம் போய் வரலாம்” என்றார். ஐந்து நாளுக்கான திட்டமும் அந்த ஒரு வரியைச் சுற்றியே அமைந்தது.

போகும் வழி

சிங்கப்பூரிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டெல்லியிலிருந்து மணாலி 500 கிலோமீட்டருக்கும் மேல். இரவுப் பேருந்துகள் நிறைய உண்டு, இளையர்களுக்கு அது போதும். வயதானவர்கள் இருந்தால் ஒரே மூச்சில் போகவேண்டாம். நாங்கள் ரயிலில் சண்டிகர் வரை போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை வாடகை வண்டி எடுத்தோம். அங்கிருந்து மணாலி சுமார் 300 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் நிறுத்தி நிறுத்திப் போக ஒரு முழுப் பகலை ஒதுக்கிவிடுங்கள். குலு பள்ளத்தாக்கில் நுழைந்ததும் பியாஸ் ஆறு கூடவே வரத் தொடங்கும். பூந்தரில் சிறிய விமான நிலையம் உண்டு. மணாலிக்கு அங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். ஆனால் மலைக்காற்றையும் மேகத்தையும் பொறுத்தே விமானம் இறங்கும் என்பதால் அதை மட்டும் நம்பித் திட்டம் போடவேண்டாம்.

இடும்பியின் கோயில்

மணாலியின் முதன்மைக் கோயில் ஹடிம்பா தேவி கோயில். இந்தப் பெயரைக் கேட்டு அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “பீமன் மனைவி. கடோத்கஜனோட அம்மா” என்றதும் அவர் முகம் மாறியது. “இடும்பியா? அரக்கியாச்சே, அவளுக்கா கோயில்?”

ஆம், நம் மகாபாரதத்து இடும்பிதான். பீமன் கையால் மாண்ட அவள் அண்ணன் பெயர் இடும்பன். பழனி மலைக்குக் காவடி தூக்கிய இடும்பன் வேறு, இவன் வேறு.

ஊரை ஒட்டிய துங்ரி என்ற தேவதாருக் காட்டுக்குள் கோயில் இருக்கிறது. 1553ஆம் ஆண்டில் ராஜா பகதூர் சிங் கட்டியது. கோபுரம் கிடையாது, பிரகாரம் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சதுர மரக்கூரைகள். அவற்றுக்கு மேலே கூம்பு வடிவில் உலோகக் கூரை. மொத்த உயரம் 24 மீட்டர். வாசல் முழுவதும் மரச் செதுக்கு வேலை. வெளிச்சுவரில் விலங்குகளின் கொம்புகளை மாட்டியிருக்கிறார்கள். குனிந்து உள்ளே நுழைந்தால் பெரிய சிலையை எதிர்பார்க்கும் நம் கண்ணுக்கு ஒரு பெரும் பாறைதான் தெரியும். அந்தப் பாறையைச் சுற்றித்தான் கோயிலையே கட்டியிருக்கிறார்கள். தேவியின் பாதச்சுவடு அங்கே வழிபடப்படுகிறது. வெண்கலத்தில் கையளவே உள்ள ஓர் உருவமும் உண்டு.

‘ரோஜா’ படம் பார்த்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தெரியும். 1992இல் வந்த அந்தப் படத்தில் காஷ்மீராகக் காட்டப்பட்ட காட்சிகள் பலவற்றை மணாலியில்தான் எடுத்தார்கள். நாயகி தேங்காய் உடைக்கப் போகும் கோயில் இதுதான். தங்கை உடனே அதே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

குலு அரச குடும்பத்தார் இந்தத் தேவியைத் ‘தாதி’ என்று அழைக்கிறார்கள். நம்மூர் மருத்துவமனைத் தாதி இல்லை. இந்தியில் அப்பாவைப் பெற்ற பாட்டியை அப்படித்தான் சொல்வார்கள். அந்த அரச வம்சத்துக்கு நாட்டைக் கொடுத்தவளே அவள்தான் என்பது அங்குள்ள நம்பிக்கை. கோயிலிலிருந்து சில அடிகள் நடந்தால் ஒரு மரத்தடியில் கடோத்கஜனுக்கு இடம் இருக்கிறது. கூரை இல்லை. மரத்தில் கொம்புகள் கட்டியிருக்கின்றன.

அம்மா அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றார். கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பிறக்கும்வரைதான் உடன் இருப்பேன் என்ற நிபந்தனையோடு பீமன் இடும்பியை மணந்தான். பிள்ளை பிறந்ததும் பாண்டவர்கள் தங்கள் வழியில் போய்விட்டார்கள். காட்டில் தனியாக இருந்து மகனை வளர்த்தாள். அந்த மகனும் அப்பாவுக்காகப் போருக்குப் போய், கர்ணனின் சக்தி ஆயுதத்தால் மாண்டான்.

“நம்ம ஊர்க் கதையில பீமனைத்தான் பெரிசா சொல்லுவாங்க. இங்க பாரு, பிள்ளையைத் தனியா வளர்த்தவளைச் சாமியா வச்சிருக்காங்க” என்றார் அம்மா. பிறகு மகனிடம், “உங்கம்மாவும் சித்தியும் சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ...” என்று ஆரம்பித்தார். நாங்கள் இதுவரை கேட்டிராத ஒரு கதை வந்தது. இரவு வேலைக்குப் போகும்போது எங்களைப் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மின்தூக்கிக்குள் நின்று அழுத கதை. அன்று பெஞ்சும் இருந்தது, பையும் இருந்தது. யாரும் காக்கவில்லை. எல்லாரும் அம்மாவைச் சுற்றி நின்றிருந்தோம்.

பட்டு என்றார்கள், கம்பளியாக இருந்தது

மால் சாலையில் வாகனங்கள் கிடையாது. வயதானவர்கள் நிம்மதியாக நடக்கலாம். உட்காரவும் இடம் உண்டு. திபெத்திய பௌத்த மடமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கே வாங்க வேண்டியது குலு சால்வை. உடல் பகுதி ஒரே நிறத்தில் இருக்க, இரு ஓரங்களிலும் பளிச்சென்ற நிறங்களில் கட்டம் கட்டமாகக் கோலம்போல வேலைப்பாடு இருக்கும். முற்காலத்தில் குலுவில் பூவேலை இல்லாத கம்பளிதான் நெய்தார்கள். 1940களில் ராம்பூர் புஷஹர் பகுதியிலிருந்து வந்த நெசவாளர்கள் வழியாகவே இந்த வேலைப்பாடு பரவியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு.

ஆனால் குலு சால்வை என்ற பெயரில் எந்திரத் தறியில் நெய்தவையும் கடைவீதியில் ஏராளம். இந்திய அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலையப் பொறுமை இல்லாதவர்கள் ‘புட்டிகோ’ கடைக்குப் போகலாம். 1944இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அது. விலை எழுதி ஒட்டியிருப்பார்கள், பேரம் கிடையாது. மற்றக் கடைகளில் பேரம் பேசாமல் வாங்கவே கூடாது என்பது தங்கையின் கருத்து.

ஒரு கடையில் அம்மாவிடம் “பட்டு” என்று சொல்லி ஒரு துணியை விரித்தார்கள். அம்மா ஆவலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது பட்டா? கம்பளி!” என்றார். அது அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் உடை. பெரிய கம்பளித் துணியைச் சேலைபோல உடம்பில் சுற்றி, தோளில் வெள்ளி ஊசிகளால் குத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பட்டு. கடைப் பெண்மணி சுற்றிக் காட்டினார். அம்மா தன் சேலை முந்தானையை எடுத்து அவர் தோளில் போட்டுக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி இல்லை. இருபது நிமிடம் பேசினார்கள்.

சாப்பாட்டில் ‘சித்து’ என்ற பண்டத்தைத் தவறவிடாதீர்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே உளுந்து அல்லது வாதுமைக்கொட்டைப் பூரணம் வைத்து, ஆவியில் வேக வைத்து, நெய் ஊற்றித் தருகிறார்கள். காரக் கொழுக்கட்டைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவமும்கூட.

பறக்க ஆசைப்பட்டவன்

சோலாங் பள்ளத்தாக்கு மணாலியிலிருந்து 14 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் பாராகிளைடிங். அனுபவமுள்ள ஓட்டுநர் பின்னால் இருக்க, பயணி முன்னால் தொங்கியபடி பறக்க வேண்டும்.

பிள்ளைகளை விடலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு நாங்கள் கடைப்பிடித்த மூன்று விதிகளைச் சொல்கிறேன். முதலாவது, மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று உரிமச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது. இரண்டாவது, சிங்கப்பூரில் எடுத்த பயணக் காப்புறுதியில் இது அடங்குமா என்று முன்பே படித்துப் பார்ப்பது. பல திட்டங்களில் இது அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது, காற்று சரியில்லை என்றால் பறக்கவேண்டாம் என்று தானே சொல்லும் ஆளை நம்புவது. “அதெல்லாம் பரவாயில்லை” என்கிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். எங்களைக் காலையில் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த ஓட்டுநர்மீதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாச்சலப் பிரதேசத்தில் இவ்வகை விளையாட்டுகளுக்கு அரசு தடை விதிக்கிறது. அந்த நாள்களில் யாராவது “நான் ஏற்பாடு செய்கிறேன்” என்று வந்தால் விலகிவிடுங்கள்.

மகன் பறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா புல்வெளியில் நின்று கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

போனவர்களும் போகாதவர்களும்

நான்காம் நாள் ரோதாங். அங்கே நினைத்தவுடன் போக முடியாது. சுற்றுச்சூழலைக் காக்க, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்படி ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வாகனங்களுக்கே அனுமதி. அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பெறவேண்டும், அல்லது அது வைத்திருக்கும் வண்டியை அமர்த்த வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சாலை மூடப்படும். கணவரும் மகனும் தங்கையும் விடியும் முன்பே கிளம்பினார்கள். நானும் அம்மாவும் ஊரிலேயே இருந்தோம்.

“என்னால உனக்கும் பனி இல்லாமப் போச்சு” என்று காலை முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்டோ பிடித்து, ஆற்றின் மறுகரையில் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வசிஷ்ட் கிராமத்துக்குப் போனோம்.

அங்கே வசிஷ்ட முனிவருக்குக் கல்லும் மரமுமாக ஒரு பழைய கோயில். அதை ஒட்டிக் கந்தக வெந்நீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் சுற்றுச்சுவர் உள்ள தொட்டிகள், கட்டணம் கிடையாது. நீர் நல்ல சூடு. முதலில் பாதத்தை மட்டும் நனைத்துப் பழகிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எங்கள் மருத்துவர், “முழங்கால் வரை போதும், கழுத்தளவு வேண்டாம்” என்று சொல்லியிருந்தார். மாற்றுடையும் துண்டும் நாமே கொண்டுபோக வேண்டும்.

அம்மா படியில் உட்கார்ந்து காலை மட்டும் நீரில் விட்டார். உள்ளூர்ப் பாட்டி ஒருவர் அவர் முழங்காலைக் கவனித்துவிட்டு, தன் முழங்காலைக் காட்டித் தலையாட்டினார். பிறகு ஒரு சொம்பை எடுத்து அம்மாவின் முழங்காலில் வெந்நீரை ஊற்றத் தொடங்கினார். அம்மா தமிழில் நன்றி சொன்னார், அவர் தம் மொழியில் ஏதோ பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை. வெளியே வந்து அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுவரோரம் இருந்து பார்த்தால் கீழே பியாஸ் ஓடுவது தெரியும். அதன் பழைய பெயர் விபாசை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வசிஷ்டர் உயிரை விடத் துணிந்து, உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இந்த ஆற்றில் குதித்தாராம். ஆறு அந்தக் கட்டுகளை அவிழ்த்து அவரைக் கரையில் சேர்த்ததாம். பாசம் என்றால் கயிறு. பாசத்தை நீக்கியதால் விபாசை. நமக்கோ பாசம் என்றால் அன்பும்தான், கட்டும்தான். அம்மா நாற்பது ஆண்டுகளாகத் தன்னைக் கட்டிவைத்திருப்பது எந்தக் கயிறு என்று அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு எப்போதும் அவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. 2023 ஜூலை வெள்ளத்தில் இதே பியாஸ் சாலைகளையும் கரையோரக் கட்டடங்களையும் இழுத்துச் சென்றது. தங்குமிடம் பதிவு செய்யும்போது ‘ஆற்றை ஒட்டி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காமல், கொஞ்சம் மேட்டில் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

அம்மா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு. “அவளுக்கு மூணு மகளாம்” என்றார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலைக்குள் ஒரு வழி

ஐந்தாம் நாள் எல்லாரும் சேர்ந்து அடல் சுரங்கப்பாதை வழியாகச் சிஸ்ஸு கிராமத்துக்குப் போனோம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ரோதாங்கில் பனி மூடிவிட்டால், மறுபக்கம் உள்ள லாஹோல் மக்கள் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பின்றி இருந்தார்கள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அவர்களுக்குப் பெரும்பாடு. இன்று சில நிமிடங்களில் மலையைக் கடந்துவிடலாம்.

இந்தப் பக்கம் பச்சை மரக்காடு. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தால் மொட்டை மலைகள், சந்திரா ஆறு, எட்ட நின்று பார்க்கப் பனி முடிகள். சிஸ்ஸு சுமார் 3,100 மீட்டர் உயரம். அம்மா வண்டியைவிட்டு இறங்கி, எதிர்மலையில் விழும் அருவியைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். முக்கால் மணி நேரத்தில் மருத்துவர் சொன்னபடி திரும்பிவிட்டோம். ரோதாங்கில் பனியில் புரண்டுவிட்டு வந்த மகன், “பாட்டி, நேத்து மேல மணிக்கணக்கா ஜாம். இதுதான் நல்லா இருக்கு” என்றான். அவருக்காகச் சொன்னானோ உண்மையாகச் சொன்னானோ, அம்மா மகிழ்ந்துபோனார்.

போகிறவர்களுக்கு

மே பிற்பாதியும் ஜூன் முற்பாதியும் நம் விடுமுறைக்கு ஏற்றவை. கூட்டம் அதிகம் என்பதால் அறையையும் அனுமதிச் சீட்டையும் முன்பே பதிவு செய்யுங்கள். மழை பிடித்த பிறகு மலைச்சாலைகளில் மண்சரிவு அபாயம் உண்டு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் எங்கும் ஏறாமல் ஊருக்குள்ளேயே நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து உடம்பைப் பழக்குங்கள். மூத்தோருக்குச் சிரமமில்லாத இன்னோர் அரைநாள் பயணம் வேண்டுமானால், 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகர் கிராமத்தின் பழைய கோட்டையைப் பார்க்கலாம். கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய அந்தக் கோட்டை 1905 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது.

கூட்டம் குறைந்த, வானம் தெளிந்த மாதம் வேண்டுமென்றால் அக்டோபர். நாடு முழுவதும் தசரா முடியும் விஜயதசமி அன்றுதான் குலுவில் தசரா தொடங்குகிறது. ஏழு நாள் நடக்கும். சுற்று வட்டாரக் கிராமத் தேவர்கள் எல்லாரும் பல்லக்கில் வந்து கூடுவார்கள். ஆனால் மணாலியிலிருந்து தாதி, அதாவது ஹடிம்பா, வந்து சேர்ந்தால்தான் விழா தொடங்கும். அவள் வரும்வரை ரகுநாதரின் தேரும் காத்திருக்கும்.

இதை வண்டி ஓட்டுநர் சொல்ல, கணவர் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “அக்டோபர்ல உனக்கு லீவு கிடைக்குமா?” என்றார்.